வேலை பார்க்கப் போனவள், வேண்டாம் என்றாள்

போன ஞாயிறு மயிலாப்பூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். காது கிழிகிற மாதிரி லைட் மியூசிக். ஐஸ்க்ரீம் கப்போடு ஓரமாக ஒதுங்கி நின்றிருந்தேன். பட்டுச் சட்டை போட்ட ஒருவர் நேராக என்னிடம் வந்தார். முன்பின் பார்த்ததில்லை.

"நீங்க பத்திரிகைல எழுதறவங்கதானே?"

எழுதுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியைவிட இனிப்பான ஐஸ்க்ரீம் கிடையாது. அடக்கமாகத் தலையாட்டினேன்.

"எங்க சுந்தரத்தோட பொண்ணு மனசைக் கலைச்சு, டாக்டர் ஆகவிடாமப் பண்ணது நீங்கதானே?"

பதிலுக்காக அவர் நிற்கவில்லை. தன் மனைவியிடம் போய், என்னைக் கைகாட்டி ஏதோ சொன்னார். அந்த அம்மாள் என்னைப் பிள்ளை பிடிக்கிறவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். பக்கத்தில் நின்ற தன் மகனின் தோளில் கையை வேறு போட்டுக்கொண்டார்.

சரி. மூன்று வருஷமாக ஊரில் அவர்கள் சொல்கிற கதைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வாரம் நான் சொல்லிவிடுகிறேன். பத்தி என்னுடையது, யார் தடுப்பது?

நான் குடியிருப்பது ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு ஃப்ளாட்ஸில். எங்களுக்கு ஒரு அசோசியேஷன் உண்டு. தண்ணீர் லாரி ஏன் வரவில்லை, மோட்டாரை யார் அணைக்கவில்லை, யார் ஸ்கூட்டர் யார் இடத்தில் நிற்கிறது — உலகத்தின் முக்கியமான பிரச்னைகள் எல்லாம் அங்கேதான் தீரும். செகரட்டரி ரங்கராஜன், இன்ஷூரன்ஸில் ரிடையர் ஆனவர். வாரம் ஒரு மீட்டிங் போடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த வருஷம் கோடையில் அவருடைய மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். அங்கேயெல்லாம் ஸ்கூல் பிள்ளைகளை, ஏதாவது ஒரு தொழிலில் இருப்பவர் பின்னால் சில நாள் நிழல் மாதிரி அனுப்புவார்களாம். அக்கம்பக்கத்துக்காரர்களே ஏற்பாடு செய்வார்களாம். பிள்ளைக்கும் எது தனக்குச் சரிப்படும் என்று புரியுமாம்.

ரங்கராஜன் மறுநாளே என் கதவைத் தட்டினார்.

"நம்ம தெருவுலயே டாக்டர் இருக்கா, ஆடிட்டர் இருக்கார், வக்கீல் இருக்கார், நீங்க இருக்கேள். லீவுல இந்தப் பசங்க ஆத்துல டி.வி. பாத்துண்டு உக்காந்திருக்கறதுக்கு, ஒவ்வொருத்தர் பின்னாடியும் ஒரு வாரம் போயிட்டு வரட்டுமே! என்ன சொல்றேள்?"

உண்மையைச் சொன்னால், அந்த மனிதர் வாயிலிருந்து வந்த ஒரே உருப்படியான யோசனை அதுதான். நான் உடனே மாட்டிக்கொண்டேன். திட்டத்துக்கு 'வேலை பார்க்கும் திட்டம்' என்று பெயர் வைத்ததும் நான்தான். வேலை பார்ப்பது என்றால் நம் பாஷையில் வேலை செய்வது. இங்கே பிள்ளைகள் நிஜமாகவே பார்க்க மட்டும் போகிறார்கள். பெயர் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

அர்த்தம்தான் யாருக்கும் புரியவில்லை.

பெண் பார்க்கப் போகிறோம். பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிடுகிறோம். 'ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்' என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிறோம். வேண்டாம் என்று சொல்கிற உரிமை இருப்பதால்தானே அதற்குப் 'பார்ப்பது' என்று பெயர்? வேலையைப் பார்க்கிற பிள்ளைக்கும் அந்த உரிமை இருக்கும் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டேன்.

பெயர் கொடுக்கிற நாள் வந்தது. கார் நிறுத்துகிற இடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தோம். அக்கம்பக்கத்து ஃப்ளாட்ஸிலிருந்தெல்லாம் அப்பாக்கள் வந்தார்கள், அம்மாக்கள் வந்தார்கள். ஒருவர்கூடப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரவில்லை!

"பையனுக்கு என்னங்க பிடிக்கும்?" என்று கேட்டேன் ஒருவரிடம்.

"கம்ப்யூட்டர்."

"அவனே சொன்னானா?"

"நான்தான் சொல்றேனே மேடம்."

இன்னொருவர், கடைசியில் சர்டிபிகேட் தருவோமா, அதை அமெரிக்கா அப்ளிகேஷனோடு சேர்க்கலாமா என்று விசாரித்தார். வக்கீல் பின்னால் போக ஆளில்லை. 'வக்கீலுக்குப் பொண்ணு குடுக்க யோசிப்பா' என்றார் ஒரு மாமி. ஆடிட்டருக்கு ஆளில்லை, பாஸ் பண்ணுவதற்குள் தலை நரைத்துவிடுமாம். என் பின்னால் வர? நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்பதைக்கூட மறந்து ஒருவர் சொன்னார், "எழுதறதெல்லாம் ஹாபியா வச்சுக்கலாம்."

பாதிப் பேர் கம்ப்யூட்டர். மீதிப் பாதி டாக்டர்.

அந்த மீதிப் பாதியில் முதல் பெயர் அர்ச்சனா.

அர்ச்சனா எங்கள் ஃப்ளாட்ஸ்தான், இரண்டாவது மாடி. அப்போது ப்ளஸ் ஒன் முடித்திருந்தாள். வகுப்பில் முதல் ரேங்க். அப்பா சுந்தரம், தி.நகரில் ஒரு பாங்க்கில் ஆபீசர். அம்மா ஹேமா, ஒரு மத்திய அரசு கணக்கு ஆபீசில் வேலை. காலையில் டிபன் டப்பாவும் கைக்குட்டையுமாக பஸ் ஸ்டாப்புக்கு ஓடுவார். சாயங்காலம் காய்கறிப் பையோடு திரும்புவார். நடுவில் அவர் பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை.

சுந்தரம் தன் மகளை வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார். "டாக்டர், ஒரு டம்ளர் தண்ணி கொண்டா." "டாக்டர், வாசல்ல யாருன்னு பாரு." தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே அப்படித்தானாம். கேட்பதற்குச் செல்லமாக இருக்கும். அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் 'வரேம்ப்பா' என்று எழுந்து போவதைப் பார்த்தால், செல்லமாக மட்டும் இருக்காது.

மந்தைவெளியில் சின்னதாக ஒரு நர்சிங் ஹோம் வைத்திருக்கிற டாக்டர் கமலா, பிரசவ டாக்டர், எனக்கு நல்ல பழக்கம். அர்ச்சனாவைச் சேர்த்துக்கொள்ள அவர் ஒப்புக்கொண்டார். கண்டிஷன் போட்டார்: பேசக்கூடாது, எதையும் தொடக்கூடாது, நோயாளி சரி என்றால்தான் அறைக்குள் வரலாம், வெளியே வந்து யார் வீட்டு விஷயத்தையும் பெயரோடு பேசக்கூடாது.

சுந்தரத்துக்கு ஒரே ஒரு கவலைதான். "ரத்தத்தைப் பார்த்து மயக்கம் போட்டுட்டா?"

முதல் நாள் அவரே லீவு போட்டுவிட்டு மகள் கூடவே போய்விட்டார்! நர்சிங் ஹோம் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் 'என் டாட்டர்... டாக்டருக்குப் படிக்கப்போறா' என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அங்கே வேலை பார்க்கிற ஆயா பொறுத்துப் பொறுத்துப் பார்த்திருக்கிறாள்.

"இன்னா நைனா, புள்ளதாச்சிங்க வந்து போற எடத்துல நீ இன்னாத்துக்குக் குந்திகினு கீறே? பொண்ணு பத்திரமாத்தான் கீது. நீ ஊட்டுக்குப் போ."

போய்விட்டார். ஆனால் வீட்டில் வந்து, 'அங்க நல்ல டிசிப்ளின்' என்று பெருமையாகச் சொன்னார். சொந்தப் பெருமையாக மாற்றிக்கொள்ள முடியாத விஷயமே கிடையாது சில அப்பாக்களுக்கு.

அர்ச்சனா மயக்கம் போடவில்லை. ரத்தத்தைப் பார்த்தாள், பிரசவ வலியில் கத்துகிறவளைப் பார்த்தாள், ஆபரேஷன் முடிந்து வந்த கத்திரிகளைக் கழுவுவதைக்கூட நின்று பார்த்தாளாம். முகம் சுளிக்கவில்லை. தினம் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து பார்த்ததைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் இரண்டு நாள் வந்து மூச்சு விடாமல் பேசினாள்.

அடுத்த நாள் வந்தவள் பேசவில்லை. சோபா நுனியில் உட்கார்ந்தாள். காபி கொடுத்தேன், ஆறிப்போனது. நானும் துருவவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே ஆரம்பித்தாள்.

"ஆன்ட்டி, இன்னிக்கு ஒரு அக்கா வந்தாங்க. ஏழு மாசம். ரெண்டு நாளா குழந்தை அசையலையாம்."

"ம்."

"ஸ்கேன் பண்ணினாங்க. டாக்டர் ரொம்ப நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து, அந்த அக்கா பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னாங்க. உயிர் இல்லம்மான்னு."

காபி டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"அந்த அக்கா அழவே இல்ல ஆன்ட்டி. 'அப்ப நான் வீட்டுக்குப் போகலாமா டாக்டர்?'னு கேட்டாங்க. ஏதோ ஜுரத்துக்கு வந்த மாதிரி. அவங்க வீட்டுக்காரர்தான் சுவத்துல முகத்தை வச்சுக்கிட்டு அழுதார்."

எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அது கஷ்டம்தான் அர்ச்சனா. டாக்டர் வேலைன்னா அதுவும்..."

"அது இல்ல ஆன்ட்டி. அதுக்கு அப்புறம்."

அப்புறம் என்ன நடந்தது என்று சொன்னாள். டாக்டர் கமலா வெளியே வந்து வாஷ்பேசினில் முகம் கழுவினார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்சம் நின்றார். துண்டை மாட்டிவிட்டு அடுத்த அறைக்குள் போனார். அங்கே முதல் நாள் பிறந்த ஆண் குழந்தை. சொந்தக்காரக் கூட்டம். லட்டு டப்பா. 'அட, மூக்கைப் பாரு, அப்படியே அப்பா மூக்கு!' என்று டாக்டர் சிரித்தார். நிஜமான சிரிப்பு. லட்டையும் ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டார்.

"நான் நடுவுல வராண்டாவுல நின்னுக்கிட்டிருந்தேன் ஆன்ட்டி. இந்தப் பக்கம் அந்த அக்கா. அந்தப் பக்கம் சிரிப்பு. எனக்கு ரத்தம் பயம் இல்ல. படிக்கறதும் பயம் இல்ல. ஆனா அந்தத் துண்டை மாட்டிட்டு அடுத்த ரூமுக்குப் போறது... அது என்னால முடியாது. ஒரு நாள் செய்யலாம். தினமும் முடியாது."

"அப்புறம் பழகிடும்னு சொல்வாங்க."

"பழகிட்டா நான் எப்படி ஆயிடுவேன்னுதான் ஆன்ட்டி பயமா இருக்கு."

பதினேழு வயசு! இந்த ஊரில் அந்த வயசுக்காரர்களிடம் எந்த ட்யூஷன் என்பதைத் தவிர வேறு எதுவும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் இப்படி வருகிறது பதில்.

"வேற என்ன படிக்கணும்னு தோணுது?" என்றேன்.

"தெரியல ஆன்ட்டி."

"அப்பாகிட்ட?"

"நீங்க சொல்றீங்களா?"

"மாட்டேன். நீதான் சொல்லணும்."

சொன்னாள். அன்றைக்குச் சாப்பிட உட்காரும்போதே சொல்லிவிட்டாள். மறுநாள் காலை நான் பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்தால், வாசலில் சுந்தரம். ராத்திரி தூங்கவில்லை என்று முகம் சொன்னது.

"என்ன மேடம் சொல்லிக் குடுத்தீங்க என் பொண்ணுக்கு?"

"நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலை. அவ பார்த்தா. பார்த்ததைச் சொல்றா."

"டாக்டர் வேணாமாம்! அப்ப என்ன வேணும்னு கேட்டா, தெரியலைங்கறா. தெரியலையாம்! நல்லா இருந்த பொண்ணுங்க..."

'நல்லா இருந்த பொண்ணு.' ஏதோ நான் அவளுக்கு டைஃபாய்டு வரவழைத்த மாதிரி.

கவனியுங்கள், வேறு ஏதாவது வேலையின் பெயரை அவள் சொல்லியிருந்தால்கூட மனிதர் பாதி சமாதானம் ஆகியிருப்பார். அந்தத் 'தெரியல'தான் அவரைக் கொன்றுவிட்டது. நம் ஆண்களுக்கெல்லாம் நாற்பது வயசில் மனைவியின் பிறந்தநாள் தெரியாது. பெற்ற பிள்ளை எந்த செக்‌ஷன் என்று தெரியாது. பதினேழு வயசுப் பெண்ணுக்கு மட்டும் அடுத்த நாற்பது வருஷம் என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்!

அந்த வாரக் கடைசியிலேயே அவசர மீட்டிங். கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். தண்ணீர் லாரி விஷயத்துக்குக்கூட அவ்வளவு கூட்டம் வந்து நான் பார்த்ததில்லை.

முதலில் வெற்றிக் கதை சொல்லப்பட்டது. பிரசன்னா என்று ஒரு பையன், தி.நகரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு அனுப்பப்பட்டிருந்தான். அவனுடைய அப்பா எழுந்தார்.

"எங்க பையனுக்கு ரொம்பத் திருப்தி. ஏ.ஸி. ரூம். தனியா ஒரு கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வச்சிருக்காங்க."

"என்ன பார்த்தே?" என்று நான் பிரசன்னாவைக் கேட்டேன்.

"சீட்டாட்டம் ஆன்ட்டி. கம்ப்யூட்டர்லயே இருக்கு. அவங்களுக்கு வேலை இருந்தது, என்னை ஆடிக்கிட்டு இருக்கச் சொல்லிட்டாங்க. ஏ.ஸி. நல்லா இருந்தது."

எல்லோரும் கைதட்டினார்கள். சத்தியமாகத் தட்டினார்கள்! பையன் எதையும் பார்க்கவில்லை. அதனால் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. திட்டம் மகத்தான வெற்றி.

பிறகு சுந்தரம் எழுந்தார். திட்டத்தை உடனே நிறுத்த வேண்டும், பிள்ளைகள் மனசு கெடுகிறது என்றார். ரங்கராஜன் தொண்டையைச் செருமினார்.

"குழந்தைகளுக்கு வேலையைக் காட்டணும்னுதான் ஆரம்பிச்சோம். வேண்டாம்னு சொல்றதுக்கா ஆரம்பிச்சோம்?"

"வேண்டாம்னா வேண்டாம்னு தெரிஞ்சுக்கறதுக்கும் சேர்த்துத்தான் சார் பார்க்கப் போறது," என்றேன்.

"நீங்க எழுதறவா. இப்படித்தான் பேசுவேள்."

டாக்டர் கமலா வந்திருந்தார். நர்சிங் ஹோமிலிருந்து நேராக வந்த களைப்பு. உட்கார்ந்தபடியே பேசினார்.

"அந்தப் பொண்ணு படிச்சா டாக்டர் ஆயிடுவா. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா என்கிட்ட வர்ற ஜூனியர்கள் பல பேர், வருஷக்கணக்கா என் கூடவே இருந்தும் பார்க்காததை அவ பார்த்துட்டா. பார்த்துட்டுத்தான் முடியாதுங்கறா. அவளை நான் குறை சொல்ல மாட்டேன்."

"சின்னப் பொண்ணு பயந்துட்டா, நீங்க நாலு வார்த்தை தைரியம் சொல்லியிருக்கலாமில்லே?" என்று யாரோ கேட்டார்கள்.

"பயந்தவ இல்லீங்க. யோசிச்சவ."

சுந்தரம் மறுபடி ஆரம்பித்தார். மகளின் எதிர்காலம், குடும்பத்தின் கனவு, சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி முழிப்பது. அப்போதுதான் பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஹேமா. உட்கார்ந்துதான் இருந்தார். முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

"நான் ஒண்ணு சொல்லலாமா?"

எல்லோரும் திரும்பினோம்.

"எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே இந்த வேலை கிடைச்சது. ஆர்டர் வந்த அன்னிக்கு எங்கப்பா தெரு முழுக்க இனிப்பு குடுத்தார். வேலைக்குப் போன முதல் நாள் மத்தியானமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது எனக்கு ஆகாதுன்னு. யார்கிட்டப் போய் சொல்றது? கவர்ன்மென்ட் வேலை. இனிப்பெல்லாம் குடுத்தாச்சு. இன்னிவரைக்கும் போயிட்டிருக்கேன். தினம் காலைல பஸ் ஸ்டாப்புல நிக்கும்போது அந்த மத்தியானம் ஞாபகம் வருது."

"ஹேமா, இதெல்லாம் வீட்ல பேசிக்கலாம்," என்றார் சுந்தரம்.

"வீட்ல நீங்கதானே பேசறீங்க."

யாரோ சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"என் பொண்ணுக்கு அது சேர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. எனக்குச் சந்தோஷமா இருக்கு. நீங்க திட்டத்தை நிறுத்துங்க, நிறுத்தாதீங்க. அவ கெட்டுப்போயிட்டான்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க."

அவ்வளவுதான். முந்தானையை விட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு மனுஷி இத்தனை வருஷம் நம் கண்ணெதிரே பஸ் ஸ்டாப்புக்கு ஓடியிருக்கிறாள், ஒரு நாளாவது நாம் கேட்டோமா என்று யாராவது ஒருவர் சொல்வார் என எதிர்பார்த்தேன்.

ரங்கராஜன் சொன்னார், "அப்ப ஓட்டுக்கு விட்டுடலாமா?"

கைகள் தூக்கப்பட்டன. திட்டம் நிறுத்தப்பட்டது. நான் அறிந்தவரையில், செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தது என்ற குற்றத்துக்காக நிறுத்தப்பட்ட ஒரே திட்டம் அதுதான். பிறகு மோட்டார் ரிப்பேரைப் பற்றிப் பேசினார்கள்.

மறுநாள் சாயங்காலம் ஹேமா என் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"அசோசியேஷன்தானே மேடம் நிறுத்திச்சு? நீங்க நிறுத்தலையே?"

"என்ன பண்ணணும் சொல்லுங்க."

"நான் லீவு போட்டிருக்கேன். ஸ்கூல் திறக்கற வரைக்கும். அவளுக்கு இன்னும் கொஞ்சம் வேலைங்களைக் காட்டணும். எனக்கு யாரையும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

போனை எடுத்தேன். எழுதுகிற தொழிலில் பணம் சேராது, ஆனால் ஆட்கள் சேருவார்கள். அம்மாவும் பெண்ணும் குடையை எடுத்துக்கொண்டு அந்த மே மாத வெயிலில் கிளம்பினார்கள். ஒரு வக்கீலின் பின்னால் கோர்ட்டுக்குப் போனார்கள். வாய்தா வாங்குவதையே நாள் முழுக்கப் பார்த்துவிட்டுக் கொட்டாவியோடு வந்தார்கள். கோடம்பாக்கத்தில் ஒரு டப்பிங் தியேட்டரில் உட்கார்ந்தார்கள். அர்ச்சனாவுக்குச் சிரிப்பு வந்ததே தவிர ஆசை வரவில்லை. தி.நகரில் தெரிந்த ஒரு அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் நின்றாள்.

"நாள் பூரா நின்னு பாரு தாயி. கால் வலிக்கலைன்னா இந்தத் தொழிலுக்கு வா," என்றாராம் அண்ணாச்சி.

கால் வலித்தது. சிரித்துக்கொண்டே அதையும் சொன்னாள். ஒவ்வொரு 'வேண்டாம்' சொல்லும்போதும் அவள் முகத்தில் ஒரு தெளிவு கூடிக்கொண்டே போனது. ஹேமாவும்தான் மாறிக்கொண்டிருந்தார். பேச ஆரம்பித்திருந்தார். கோர்ட் வாசலில் சாப்பிட்ட எலுமிச்சை சாதத்தைப் பற்றிக்கூட என்னிடம் நின்று பேசினார்.

கடைசியாக, மேற்கு மாம்பலத்திலிருக்கும் ஜெயராஜ் என்று ஒரு இன்ஜினீயர். புதிதாக ஃப்ளாட் கட்டுகிற இடங்களில் மண் தாங்குமா என்று சோதித்துச் சொல்கிறவர். அப்போது அடையாறில் ஒரு பழைய பங்களாவை இடித்துவிட்டு ஃப்ளாட் கட்ட ஏற்பாடு. முக்காலி நட்டு, குழாயைத் தரைக்குள் இறக்கி, ஆழம் ஆழமாக மண்ணை எடுத்துத் தகரத் தட்டில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே செம்மண். அதற்குக் கீழே மணல். அதற்கும் கீழே கறுப்பாகக் களிமண். அந்தக் களிமண்ணை ஜெயராஜ் விரலால் பிட்டபோது உள்ளே சின்னச் சின்னக் கிளிஞ்சல் துண்டுகள்.

"கடல் எங்கேயோ இருக்கே சார்?" என்றாளாம் அர்ச்சனா.

"ஒரு காலத்துல இங்கேயே இருந்திருக்கும்மா."

அவ்வளவுதான். அந்தத் தட்டைவிட்டு அவள் நகரவில்லையாம். அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தபோது நகக்கண்ணெல்லாம் மண். மூச்சு விடாமல் பேசினாள். எத்தனை வருஷம் முன்னால் கடல் அங்கே இருந்தது, எப்படிக் கண்டுபிடிப்பார்கள், இதற்கென்று படிப்பு இருக்கிறதா... எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. என் சோபாவெல்லாம் மண்ணாயிற்று.

சுந்தரம் சும்மா விடவில்லை. ப்ளஸ் டூ முடிந்ததும் மெடிக்கல் நுழைவுத் தேர்வு எழுதத்தான் வேண்டும் என்றார். எழுதினாள். வேண்டுமென்றே தப்பாக எழுதியிருக்கலாம், எழுதவில்லை. நன்றாகவே எழுதினாள். கவுன்சலிங்குக்குக் கார்டு வந்துவிட்டது. சீட் நிச்சயம், தெற்கே ஏதோ ஒரு ஊரில்.

கவுன்சலிங் அன்று காலை சுந்தரம் குளித்து, விபூதி வைத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ஹாலில் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் ஆட்டோ நின்றது. அர்ச்சனா அறையிலிருந்து வந்தாள், வீட்டு உடையிலேயே.

"நான் வரலைப்பா."

அழவில்லை, கத்தவில்லையாம். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாளாம். ஹேமா சமையலறை வாசலில் நின்றார். சுந்தரம் மனைவியைப் பார்த்தார். ஹேமா பார்வையைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

அவர் எழுந்து தனியாகவே ஆட்டோவில் ஏறிப் போனார்.

என்ன செய்தார் தெரியுமா? கவுன்சலிங் ஹாலில் போய் உட்கார்ந்திருக்கிறார். மற்றப் பிள்ளைகளும் பெற்றோர்களும் உள்ளே போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு. மகள் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்றிருக்கிறார். 'கேண்டிடேட் எங்கே?' என்று கேட்டிருக்கிறார்கள். 'வரலை' என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

இதை என்னிடம் சொன்னது அவரேதான், ரொம்ப நாள் கழித்து, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில். "ஒரு தடவையாவது அவ பேரை அங்க கூப்பிடறதைக் கேக்கணும்னு தோணிச்சு மேடம்," என்றார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

ஒரு நிமிஷம்தான்.

அர்ச்சனா இப்போது ஜியாலஜி மூன்றாம் வருஷம். லீவு விட்டால் ஏதாவது மலையிலோ ஓடையிலோ கல்லைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். கறுத்துப்போய், தலையெல்லாம் புழுதியாக, பெரிய பையைத் தூக்கிக்கொண்டு படியேறி வருவாள். இப்போதெல்லாம் அவளுடைய அப்பா அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். ஆனால் வெளியாட்களிடம் பேசும்போது, 'பெட்ரோல் கம்பெனிக்காரங்க இவங்களைத் தேடித் தேடி எடுப்பாங்க' என்று சொல்லிக்கொள்கிறார். டாக்டர் சீட்டைக் கலைத்தது நான். பெட்ரோல் கம்பெனியைக் கண்டுபிடித்தது அவர்.

ஹேமா? அதே ஆபீஸ். அதே பஸ். பெண்ணின் படிப்பு முடியட்டும், அப்புறம் யோசிக்கலாம் என்கிறார். எல்லாக் கதையிலும் எல்லோரும் தப்பித்துவிடுவதில்லை.

ரிசப்ஷனுக்கு மறுநாள் காலை படிக்கட்டில் சுந்தரத்தைப் பார்த்தேன். பட்டுச் சட்டைக்காரர் கேட்டதைச் சொன்னேன். அசடு வழியச் சிரித்தார். பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, உற்சாகமாக ஒரு செய்தி சொன்னார். அர்ச்சனாவுக்கு ஒரு தம்பி உண்டு, எட்டாம் வகுப்பு.

"பையனை கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங்ல சேர்த்துடலாம்னு முடிவு பண்ணிட்டோம் மேடம்."

பின்னாலேயே கதவைப் பூட்டிக்கொண்டு, டிபன் டப்பாவோடு ஹேமா வந்தார். எங்களைத் தாண்டிப் படியிறங்கினார். இரண்டு படி கீழே நின்று திரும்பிப் பார்த்தார்.

"'பண்ணிட்டோம்' இல்ல மேடம். 'பண்ணிட்டார்'."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

இலக்கண ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளவும்.